அவள் பேரில் இருந்த ஒன்று

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டு ஜோடித்ததில்லை. புவனா இன்றும் ஆலங்காயத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். ஜீப் ஓட்டும் கோபால்சாமி இன்றும் புதூர்நாட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறார்.

ஊர் பெயர், ஆள் பெயர் எதையும் மாற்றவில்லை. ஒரே ஒரு பெயர் மட்டும் இதில் வராது. மறைக்க வேண்டும் என்று அதை விடவில்லை. ஏன் வராது என்பது போகப் போகத் தெரியும்.

கல்யாணம் ஆனபோது புவனாவுக்கு முப்பத்துமூன்று வயது. மலைக்காரக் குடும்பம்தான், அப்பா காலத்திலேயே கீழே இறங்கித் தங்கிவிட்டவர்கள். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊராரின் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டித் தட்டியே அவளுடைய இருபதுகள் போய்விட்டன. வந்த வரன் எல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப் போனது. கடைசியில் அமைந்தது இரண்டாம் தாரம். ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். சாமை விளையும் மேட்டு நிலம், புளியந்தோப்பு, ஓட்டு வீடு, வீட்டை ஒட்டி வெளியூர்க்காரர்கள் வந்து தங்க இரண்டு அறை. முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோய் மூன்று வருடம். குழந்தை இல்லை.

மாப்பிள்ளை நல்ல உயரம். மெதுவாகப் பேசினார். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, வெயிலில் கிடந்த அவள் செருப்பைக் குனிந்து எடுத்து நிழலில் வைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் வைத்தார். புவனா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அந்த இடத்திலேயே மனசு முடிவு செய்துவிட்டது. இந்தக் கல்யாணம் நிலைக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியது. சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, புதுப் புடவை வைத்துப் படைத்து, அவளிடம் உத்தரவு வாங்கிய பிறகுதான் அந்தக் குடும்பங்களில் அடுத்த கல்யாணம். புவனாவின் அம்மா அதைப் பற்றிக் கேட்டாள். மாமியார் மங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"அவளுக்கு இன்னா படையலு? சண்ட போட்டுக்கினு வூட்டவுட்டு எறங்குனவ. போன எடத்துல காய்ச்சல் வந்து செத்தா. வூட்ல சாவாதவள வூட்டுக்குக் கூப்புடுவாங்களா?"

"புடவைதானேங்க, நாங்க வாங்கியாறோம்..."

"வேணான்றேன்."

படைக்கவில்லை.

*

மலை வீடு புவனாவுக்குப் பிடித்துப்போனது. காலையில் கதவைத் திறந்தால் மேகம் வாசலில் நிற்கும். கணவர் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. மாமியார்தான் கொஞ்சம் கறார். முக்கியமாக ஒரு விஷயத்தில். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ஒருநாள் தபால்காரர் வந்து பெயரைப் படித்து, "இது யாரும்மா?" என்று கேட்க, புவனா சொல்ல வாயெடுத்தாள். மங்கம்மாள் உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏ! பேரைச் சொல்லி அவன் ஆயுசக் கொறைக்காத."

அன்றிலிருந்து "இன்னாங்க", "எங்க வூட்டுக்காரரு" என்பதோடு சரி. அவளுக்கும் அது பழகிவிட்டது. ஒரு செல்லம் மாதிரிகூட இருந்தது.

தங்க வருகிறவர்கள் கேட்கிற ஒரு கேள்விதான் பழகவில்லை.

"ரேணுகா மேடம் இருக்காங்களா?"

வருகிற எல்லோரும் கேட்டார்கள். முதல் மனைவி ரேணுகாதேவி. இறந்தவளை இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு சென்னைப் பையன் தன் போனைக் காட்டினான். ரேணுகாதேவி தன் பெயரில் ஒரு இணையதளம் வைத்திருந்தாள். முகநூல் பக்கம் இல்லை. சொந்தத் தளம். ஒன்பது வருடமாக அவளே கட்டியது. பலாப்பழத்தைப் பிசின் ஒட்டாமல் அரிவது எப்படி, எந்த மாதம் எந்தப் பாதையில் அட்டை இருக்கும், சாமைக் கஞ்சிக்கு எவ்வளவு தண்ணீர், முதல் மழைக்கு மறுநாள் மண் என்ன நிறம்... படமும் எழுத்துமாக நூற்றுக்கணக்கான பக்கங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று மாலை கணவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீ கம்ப்யூட்டர்காரிதானே. இதுல அவ பேரைத் தூக்கிட்டு உன் பேரைப் போடு. படத்தயும் மாத்து."

"அவங்க எழுதுனதாச்சேங்க."

"எழுதுனவதான் இல்லியே. வர்றவன் எல்லாம் செத்தவள விசாரிக்கறான். எனக்கு அசிங்கமா இல்ல?"

முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. புவனா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாற்றுவதற்கு முன் படித்தாள். படிக்கப் படிக்க நிறுத்த முடியவில்லை. அவரைப் பற்றி அங்கங்கே எழுதியிருந்தாள் ரேணுகாதேவி. அவளும் எங்குமே பெயரைச் சொல்லவில்லை. 'அவர்', 'எங்க வூட்டுக்காரர்' என்று மட்டும்தான். 'ஏன் இந்தத் தளம்?' என்று ஒரு தனிப் பக்கம் இருந்தது.

"எதுக்கு இவ்ளோ மெனக்கெடுறேன்னு கேக்கறாங்க. நிலம் மாமனார் பேர்ல இருக்கு. வூடு அவர் பேர்ல. ரேஷன் கார்டுல அத்தை படம். கரண்டு பில்லு எப்பவோ செத்துப்போன பெரியவர் பேர்ல வருது. நான் நட்டு வளத்த பலாவைக்கூட 'அவங்க வூட்டுப் பலா'ன்னுதான் சொல்றாங்க. ஒலகத்துல என் பேர்ல இருக்கறது இது ஒண்ணுதான். இதுல யாரும் என்னை 'எறங்கு'ன்னு சொல்ல முடியாது. வாங்க, பாருங்க, ஒக்காந்துட்டுப் போங்க."

புவனாவுக்குக் கண் கலங்கியது. அவள் பெயரிலும் எதுவும் இல்லை.

ஆனாலும் மாற்றினாள். கல்யாணமாகி ஐந்தாம் மாதம். இல்லை என்று சொல்லிப் பழகாத வாய் அவளுக்கு. 'என்னைப் பற்றி' பக்கத்தில் ரேணுகாதேவி என்ற பெயரை அழித்தாள். புவனா என்று எழுதினாள். பலா மரத்தடியில் சிரித்துக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கும் ரேணுகாவின் படத்தை எடுத்துவிட்டு, தன் படத்தை ஏற்றினாள். சேமித்தாள்.

கணவர் தன் போனில் பார்த்துவிட்டு அவள் தலையை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

*

இரண்டு நாள் கழித்து ஒரு போன்.

"ரேணுகா மேடம்தானே?"

"இல்லைங்க, புவனா."

"தளத்துல ரேணுகாதேவின்னு போட்ருக்கே?"

புவனா லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. அவள் படம் இல்லை. ரேணுகாதேவி திரும்ப வந்திருந்தாள். அதே பலா மரத்தடி. அதே புடவை. அதே சிரிப்பு.

ஆனால் பக்கவாட்டில் பார்க்கவில்லை.

நேராகப் பார்த்தாள்.

சேமிக்கும்போது நெட் கட்டாகியிருக்கும், வேறு படம் வந்திருக்கும் என்று புவனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'ஏன் இந்தத் தளம்?' பக்கத்தையும் திறந்து பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது.

"பேரை மட்டும் தொடாதீங்க."

அன்று நல்ல மழை. பகல் இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாமியார் புளி கொட்டை எடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். கணவர் தோப்பில். விருந்தினர் அறை இரண்டும் காலி, வெளியே பூட்டியிருந்தன. புவனா மறுபடி பெயரை மாற்ற உட்கார்ந்தாள்.

டக்... டக்... டக்...

அவள் விரல் சத்தம்தான். நிறுத்தினாள்.

டக்... டக்.

சுவருக்கு அந்தப் பக்கம். பூட்டிய அறையிலிருந்து. யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்கிற சத்தம்.

புவனா அசையவில்லை. திரையில் அவள் அடித்த பெயர், கடைசி எழுத்திலிருந்து அழிய ஆரம்பித்தது. அவசரமே இல்லை. ஒரு எழுத்து. ஒரு டக். ஒரு எழுத்து. ஒரு டக். கோலத்தில் தப்பாகப் போட்ட இழையைத் துடைப்பது போல அவ்வளவு பொறுமையாக.

பெட்டி காலியானது.

பிறகு எழுத்துகள் வந்தன.

"உன்னை இல்ல."

மழை ஓட்டின் மேல் கொட்டியது.

"நவுந்துக்கோ."

புவனா லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு வாசலுக்கு ஓடினாள். கணவர் வரும்வரை மழையிலேயே நின்றாள்.

*

அவர் முதலில் சிரித்தார்.

"ஆவி வந்து டைப் அடிக்குதா? இ-சேவைல இப்டித்தான் வேல பாத்தியா நீ?"

"சத்தியமாங்க. 'உன்னை இல்ல'ன்னு எழுதுனாங்க. வேற யாரையோ சொல்றாப்ல."

சிரிப்பு நின்றது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"வேற இன்னா எழுதுனா?"

எழுதினாளா என்று கேட்கவில்லை. இன்னா எழுதினாள் என்று கேட்டார். அந்த வித்தியாசம் புவனாவுக்கு அப்போது தைக்கவில்லை.

"வேற எதுவும் இல்ல. அவங்க பேரையே வெச்சுடலாங்க. நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஒரு புடவ வாங்கிப் படச்சிடலாம். எனக்குப் பயமா இருக்கு."

"பேரை வெக்கறதாவது. மொத்தத்தயும் அழிச்சுடறேன். நவுரு."

அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மங்கம்மாள் வாசற்படியில் நின்று, "இன்னாடா அங்க?" என்று கேட்டாள். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினார். தளத்தை முழுதாக அழிக்கும் இடம் வந்தது. ஒரு பெட்டி திறந்தது.

'நிரந்தரமாக அழிக்க, பெயரை எழுதி உறுதி செய்யவும்.'

"பேரு கேக்குது."

"தளத்தோட பேருங்க. ரேணுகாதேவின்னு அடிக்கணும். அப்பதான் அழியும்."

அவர் விரல் விசைப்பலகை மேல் நின்றது. தாடை இறுகியது.

"அவ பேரை என் கையால அடிக்கறதா? வூடு யாருது? என்னுது. ஆளு யாரு? நானு. எம் பேரைத்தான் போடுவேன்."

"அய்யோ, அது ஒத்துக்காதுங்க..."

அடித்தார். அவருடைய பெயர் எழுத்து எழுத்தாகத் திரையில் வந்தது. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள அந்தத் தளத்தில் அதுவரை ஒரு இடத்தில்கூட வராத பெயர். புவனா அதைப் படித்தாள். மனசுக்குள் சொல்லியும் பார்த்தாள்.

ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவர் ஆம் என்பதை அமுக்கினார்.

தளம் ஒத்துக்கொண்டது.

'அழிக்கப்பட்டது.'

"பாத்தியா?" என்றார் அவர்.

*

மறுநாள் ரேஷன் கடையில் அவர் கைரேகை விழவில்லை. கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். மெஷின் கூவிக்கொண்டே இருந்தது. புளிக்கறை என்று கடைக்காரர் சிரித்தார்.

அன்றே அவர் போன் அவர் முகத்தைப் பார்த்துத் திறக்க மறுத்தது.

அடுத்த நாள் டீக்கடையில், இருபது வருடமாக டீ ஆற்றிக் கொடுக்கிறவர் கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு? சுத்திப் பாக்க வந்தீங்களா?" கேலி செய்கிறார் என்று நினைத்து இவர் திட்டிவிட்டு வந்தார். வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. குரைத்துக்கொண்டே பின்வாங்கியது.

அன்று சாப்பாட்டுக்கு மங்கம்மாள் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்று தனக்கு. ஒன்று புவனாவுக்கு.

"அத்த... இன்னொண்ணு?"

"யாருக்கு?"

கணவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மங்கம்மாள் அவரைப் பார்த்தாள். தெரியாத ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள். மாராப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"யாருப்பா நீ? ரூம்புக்கு வந்தவரா? சாப்பாடு அங்கியே குடுத்தனுப்புவாங்க. இன்னா வேணும்?"

"யம்மா! நாந்தாம்மா!"

"நாந்தான்னா?"

"உம் புள்ளம்மா!"

மங்கம்மாள் புவனா பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"குடிச்சிருக்கறாப்ல கீது. எனக்கேது புள்ள?"

அவர் எழுந்து வந்து புவனாவின் தோளைப் பிடித்தார். பெண் பார்க்க வந்தபோது செருப்பை எடுத்து வைத்த அதே கை.

"நீ சொல்லு. எம் பேரைச் சொல்லு. இவங்களுக்கு நெனப்பு வரும். நீயாவது சொல்லு புவனா!"

பெயர் புவனாவின் நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது இருந்தது. சத்தியமாக இருந்தது.

ஆனால் எதிரில் மாமியார் நின்றாள். ஐந்து மாதப் பழக்கம் தடுத்தது. ஆயுசு குறையும் என்றாளே... இந்த நேரத்திலா சொல்வது?

"இவரு... இவரு எங்க வூட்டுக்காரரு அத்த."

பெயரைச் சொல்லவில்லை.

மங்கம்மாள் சிரித்தாள்.

விடிந்ததும் அவர் கிளம்பினார். ஆதாரைச் சரிபண்ணிக்கொண்டு வருகிறேன், எல்லாவற்றுக்கும் அதுதான் வேர் என்றார். இஸ்திரி போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை. வெளியே மேகம் இறங்கியிருந்தது. நாலு எட்டு வைத்ததும் அவர் தெரியவில்லை.

திரும்பி வரவில்லை.

*

போன் போட்டாள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கோபால்சாமியின் ஜீப்பில் ஏறிக் கீழே இறங்கினாள். ஆதார் மையத்தில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி.

அங்கே சீட்டு எழுதுகிற அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீலக் கட்டம் போட்ட சட்டையா? ஒருத்தர் இருக்காரு. முந்தாநாளு கொண்டாந்தாங்க. தலையில அடி. நேத்து முடிஞ்சுடுச்சும்மா."

புவனா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு... யாரு கொண்டாந்தாங்க?"

"ஒரு பொண்ணு. மலைப் பாதையில கெடந்தாரு, யாருன்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்டுச்சு. இந்த மாதிரி எடத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க பாரு. அது சிரிச்ச மொகமா இருந்துச்சு. அதான் நெனப்பு இருக்கு."

துணியை விலக்கினார்கள்.

சட்டை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. காலரில் அவள் இஸ்திரியின் மடிப்பு. முகத்தை வெகுநேரம் பார்க்க வேண்டியிருந்தது.

"இவருதான். எங்க வூட்டுக்காரரு."

"பேரு சொல்லும்மா, எழுதிக்கறேன்."

புவனா வாயைத் திறந்தாள்.

எதுவும் வரவில்லை.

"பேரும்மா."

"எங்க... எங்க வூட்டுக்காரரு..."

"அது சரி. பேரு இல்லாம ஒடம்பைத் தர முடியாது. ரேஷன் கார்டு, கண்ணாலத்துல எடுத்த போட்டோ, ஏதாவது இருக்கா?"

போனை எடுத்தாள். கல்யாணப் படங்களைத் தேடினாள். இருந்தன. மாலையும் கழுத்துமாக அவள் நின்றாள். தனியாக நின்றாள். வலது கை மட்டும், யாரோ பிடித்திருப்பது போல, சற்றே தூக்கியிருந்தது.

பெயர்... அந்தப் பெயரை அவள் கடைசியாக எழுத்தில் பார்த்தது ஓர் இடத்தில். அந்தத் திரையில். ரேணுகாவின் தளத்தைத் தேடினாள். அழித்தாயிற்று, இருக்காது என்று தெரிந்தும் தேடினாள்.

இருந்தது.

முழுசாக இருந்தது. எல்லாப் பக்கமும் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். 'அவர்' என்று எழுதியிருந்த இடம் எல்லாம் காணோம். வாக்கியங்கள் அவர் இல்லாமலே ஒழுங்காக முடிந்தன. 'என்னைப் பற்றி' என்பதைத் தொட்டாள்.

பலா மரத்தடியில் ரேணுகாதேவி.

"என் பெயர் ரேணுகாதேவி. ஜவ்வாது மலை என் ஊர்."

அதன் கீழே.

"எனக்குக் கல்யாணம் ஆகவில்லை."

சீட்டு எழுதுகிற அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து, பெயர் என்ற இடத்தில், தெரியவில்லை என்று எழுதினார்.

*

ஜீப் மலை ஏறியது. வேறு ஆள் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் குறுக்கே போனது. கோபால்சாமி அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலே எனக்கு அந்த நெனப்புதான் வரும் தங்கச்சி. உங்கிட்ட சொல்லிடறேன். ரேணுகா காய்ச்சல்ல சாவல."

புவனா திரும்பினாள்.

"மண்ட ஒடஞ்சு கெடந்துச்சு. என் ஜீப்புலதான் எறக்குனோம். மூச்சு இருந்துச்சு, பேச்சு இல்ல. கொண்டாந்தவன் அங்க போய், 'ரோட்டோரம் கெடந்தாங்க, யாருன்னு தெரியாது'ன்னு எழுதிக் குடுத்துட்டான். போலீசு கேஸு ஆய்டும்னு பயம் அவனுக்கு. நான் பக்கத்துலயே நிக்கறேன். இது ரேணுகான்னு ஒரு வார்த்த நான் சொல்லல. வாயத் தொறக்காதன்னு என் கையப் புடிச்சுக்கினான். மூணு நாளு இருந்துச்சாம் அந்தப் பொண்ணு. பேரில்லாத பொணமாத்தான் பொதைச்சாங்க."

"யாருண்ணே?"

"ம்?"

"கொண்டாந்தவன் யாரு?"

கோபால்சாமி வாயைத் திறந்தார். மூடினார். வண்டியின் வேகம் குறைந்தது. ஒரு வளைவின் ஓரத்தில் நின்றே விட்டது.

"அதான்... அதான் வர மாட்டேங்குது. நீ ஒக்காந்துக்கினு இருக்கற எடத்துலதான் ஒக்காந்து வந்தான். என் கையப் புடிச்சான். மூஞ்சே வர மாட்டேங்குதே..."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மேகம் கண்ணாடியில் ஒட்டி வழிந்தது. பிறகு, பேச்சை மாற்றுகிற மாதிரி, அவள் பக்கம் பார்த்தார்.

"ஆமா, நீ யாரைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்த?"

"எங்க வூட்டுக்காரரைண்ணே."

மாலையும் கழுத்துமாக அவளை மலைக்கு ஏற்றி வந்ததே இந்த ஜீப்தான். ஓட்டி வந்ததே இவர்தான். வழியெல்லாம் கேலி பேசி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தவர்.

கோபால்சாமி அவள் முகத்தையே பார்த்தார். கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"உனக்கு எப்பம்மா கண்ணாலம் ஆச்சு?"